சொந்த வளவே வீடு

நடுவர் அவர்களே, மட்டக்களப்பில் கூடியிருக்கும் அவையோரே, வணக்கம்.

அலைந்து திரிவோருக்கு வீடாவது கூட வரும் சனமா, சொந்த வளவா, அதாவது வீட்டைச் சூழ்ந்த சொந்தக் காணியா, என்பது இன்றைய வழக்கு. சனமே என்று வாதிட்ட எதிரணி நண்பர், இந்நாட்டின் நாடோடிச் சமூகமான வனக்குறவர்கள் கழுதையின் மேல் சாமான்களை ஏற்றிக்கொண்டு, பாம்புப் பெட்டியும் குரங்குமாக ஊர் ஊராகப் போய், தாளிப்பனையோலைக் கூடாரம் அடித்து வாழ்ந்த வாழ்வை அழகாக வர்ணித்தார். எனக்கும் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஓரிடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் தங்காத அந்தச் சனத்தை எந்த ஊராவது தன் சனமாக எண்ணியதா என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. உடன் வரும் உறவினர் அன்பு தருவர், மறுக்கவில்லை. எனினும் அவர்களும் அதே வெயிலில் நிற்பவர்களே என்பதால், ஊருக்குள் இடம் வாங்கித் தர அவர்களால் இயலாது.

அவர் தொடாமல் விட்ட அளிக்கம்பையை நான் சொல்கிறேன். அம்பாறை மாவட்டத்தில், ஆலையடிவேம்புப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள அந்தக் கிராமத்தில் இதே வனக்குறவர் வழிவந்தோர் குடியமர்ந்து இரண்டு மூன்று தலைமுறைகள் ஆகிவிட்டன. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் பாடசாலையில் தமிழில் படிக்கிறார்கள். வறுமை அங்கே இன்னும் இருக்கிறது. அதை மறைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்நாட்டில் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவும், வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறவும், பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கவும் வதிவிடம் கேட்கப்படுகிறது. "எங்கள் சனத்தோடு இருக்கிறோம்" என்ற பதிலைக் கிராம உத்தியோகத்தர் எந்தப் படிவத்தில் எழுதுவார்? அளிக்கம்பையிலிருந்து இன்றும் சிலர் கைரேகை பார்க்கவும் பாம்பாட்டவும் வெளியூர் போகலாம். போகட்டுமே! திரும்பி வர ஓர் இடம் உள்ளவர் செய்வது பயணம். அதில்லாதவர் படுவது அலைச்சல்.

வளவு இருந்தும் மனம் ஒட்டாதவர்கள் உண்டே என்று எதிரணியினர் சுனாமியைக் காட்டினார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிய பிறகு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு அறிவித்ததும், கரையோரச் சனம் உள்ளே தள்ளிக் குடியமர்த்தப்பட்டதும், கல்வீடு கிடைத்த பின்னும் பலர் பழைய கரையையே நாடியதும் இந்த அவை கண்டவை. அது என் கட்சிக்கே சாட்சி. கூடவே சனம் வந்திருந்தது, கூரையும் இருந்தது. பிறகு ஏன் திரும்பினார்கள்? தோணியை ஏற்றி வைக்கும் மணலும், குலதெய்வம் இருக்கும் கோயிலும், பாட்டன் வைத்த தென்னையும் அந்த வளவோடு கிடந்தன. ஆகவே எங்கோ ஒதுக்கித் தரப்படும் கூரையை நான் வீடென்று வாதாடவில்லை. தொழிலும் உறவும் வேரூன்றக்கூடிய, எவரும் எழுப்பிவிட முடியாத உரித்துள்ள மண்ணையே சொல்கிறேன்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்கு ஓர் அனுமதிப்பத்திரம் பெறுவதற்காக எத்தனை குடும்பங்கள் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடக்கின்றன என்பது இந்த அவைக்குத் தெரியும். சனம் மட்டும் போதுமென்றால் அவர்கள் ஏன் நடக்க வேண்டும் என்பதற்கு, அடுத்து எழும் எதிரணித் தலைவர் விடை சொல்லட்டும். வணக்கம்.