மழை நின்னா முடிஞ்சுதா? | இலங்கை மலைக்கு மூட்டை கட்டுறோம் | தார்ப்பாய் பேரம்

வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் கேக்குதுன்னு கமென்ட் போடாதீங்க. ஆஃப் பண்ணா கொசு என்னைத் தூக்கிட்டுப் போயிடும். தண்டையார்பேட்டை கொசுவைப் பத்தி தனியா ஒரு வீடியோவே போட்டிருக்கேன், பார்த்திருப்பீங்க.

இன்னிக்கு சமையல் கிடையாது, கோவத்துல உக்காந்திருக்கேன். போன வீடியோக்குக் கீழ ஒரு புண்ணியவான் எழுதியிருக்காரு, "அக்கா, டிட்வா புயல் எப்பவோ போயாச்சு, இன்னும் இலங்கைக்கு அரிசி பருப்புன்னு ஓட்டிட்டிருக்கீங்களே"ன்னு. அதுக்கு லைக் வேற குவியுது!

அண்ணா, நீங்க சமவெளி ஆளு. நானும்தான். நமக்குப் புயல்னா என்னா? தண்ணி வரும், கரண்டு போவும், கவுன்சிலரைத் திட்டுவோம், மோட்டார் வெச்சு இறைப்பாங்க. வடிஞ்சதும் பினாயில் ஊத்திக் கழுவிட்டு அதே வீட்டுல அடுப்பைப் பத்த வெச்சிடுவோம். மலையில அப்படி இல்ல. அங்க மழை நின்னதுக்கு அப்புறம்தான் கதையே ஆரம்பிக்குது.

2025 நவம்பர் 28, இலங்கையில கரையைத் தொட்டுச்சு. அறுநூறு பேருக்கு மேல போயிட்டாங்க. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளைன்னு மலை மாவட்டத்துலதான் அடி ஜாஸ்தி. வெள்ளத்தை விட மண்சரிவு. அதே டிட்வாதான் அப்புறம் வலுவிழந்து நம்ம கடல்ல வந்து குந்திக்கினு, டிசம்பர் ஆரம்பத்துல நம்மளையும் ஊற வெச்சுது. அந்தப் பேரு ஏமன் நாடு குடுத்ததாம். நான் ஏதோ சிங்களப் பேருன்னு நினைச்சேன், அது கிடக்கட்டும்.

ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல நம்ம சேனல் பார்க்குற ஒரு தங்கச்சி இருக்கு. வாய்ஸ் மெசேஜ் போட்டுது. "அக்கா, லொறி வளைவு வரைக்கும்தான் வருது. அதுக்கு மேல ரோட்டே இல்ல. தலையில வச்சுத்தான் லயத்துக்கு ஏத்துறாங்க"ன்னுது. பின்னாடி ஒரு குழந்தை இருமிட்டே இருக்கு. லயம்னா வரிசை வீடு, ஒரே கூரைக்குக் கீழ ஒட்டி ஒட்டி ஒரு ரூம், ஒரு அடுப்பு. வெள்ளைக்காரன் காலத்துல கட்டுனது இன்னும் நிறைய அப்படியே நிக்குது.

இப்ப விஷயத்துக்கு வரேன். மூட்டை சேர்க்குற இடத்துல நம்ம தெரு ஆளுங்க 25 கிலோ சிப்பமா கொண்டாந்து இறக்குறாங்க. அதை யாரு தூக்கிட்டுச் சேத்துல ஏறுவா? கொழுந்து பறிக்கிற பொம்பளைங்கதான். அதனால ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் அஞ்சு அஞ்சு கிலோவா பிரிச்சு, ரெண்டு கவர் போட்டுக் கட்டுனோம். கவரை ஊதிப் பார்த்து, காத்துப் போச்சுன்னா தள்ளி வெச்சிட்டேன். ஜாக்கெட்டே இல்லாத ஜரிகைப் புடவை ஒண்ணு வந்துச்சு. மலைக் குளிருல அதைக் கட்டிக்கினு என்னா பண்றது? ஸ்வெட்டர் குடுங்க, சானிட்டரி நாப்கின் குடுங்க. கிழிஞ்ச பேன்ட் குடுத்தவங்க யாருன்னு எனக்குத் தெரியும், பேரு சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவுலயும் இதே கூத்துதான். 2024 செப்டம்பர்ல ஹெலீன்னு ஒரு புயல். ஃபுளோரிடாவுல கரையேறி, வட கரோலினாவுல கடலுக்கு ரொம்ப தூரத்துல இருக்குற மலையில போய்க் கொட்டித் தீர்த்துச்சு. ரோடு, பாலம் எல்லாம் அடிச்சுக்கினு போயிடுச்சு. ஹெலிகாப்டர் வெச்சிருக்குற நாடு, கடைசியில கோவேறு கழுதை முதுகுல மூட்டை கட்டி அனுப்புனாங்க! ஆஷ்வில்னு ஒரு ஊரு, குழாய்ல குடிக்கிற மாதிரி தண்ணி வர 53 நாள் ஆச்சு. பணக்கார நாட்டுக்கே அந்த கதி, நீங்க என்னடான்னா இதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்கறீங்க.

ஆங், தார்ப்பாய்! அதைச் சொல்லத்தானே வந்தேன். நம்ம சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் போனேன். பன்னெண்டுக்குப் பதினெட்டு அடி, நீலக் கலரு, 200 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம் கனம். முதல் கடைக்காரர் 1,450ன்னாரு. நான் ஒண்ணும் பேசல. பிரிச்சு வெயில்ல தூக்கிப் பிடிச்சேன். பொட்டுப் பொட்டா வெளிச்சம் தெரிஞ்சா வாங்காதீங்க, ஒழுகும். அப்புறம் ஓரத்துல கயிறு கோக்குற கண்ணு. கட்டை விரலை விட்டு இழுத்தேன், ஒண்ணு கையோட வந்துடுச்சு! அவரு மூஞ்சியைப் பார்க்கணுமே. மலைக் காத்துல இது எத்தினி நேரம் நிக்கும்னேன். உள்ள போய் வேற கட்டு எடுத்தாந்தாரு, ஓரம் மடிச்சு உள்ள கயிறு விட்டுத் தெச்சது. அது 1,600. "இலங்கைக்குப் போவுதுண்ணே"ன்னேன். எங்க பெரியம்மாவும் அங்கேயிருந்து வந்தவங்கதான்னு சொல்லி 1,240க்குக் குடுத்தாரு. 1,240! ஆட்டோவுல வரும்போது மூணு வாட்டி பில்லை எடுத்துப் பார்த்தேன்.

பெரியம்மான்னதும் ஞாபகம் வருது. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, அங்க இருந்த தோட்டத் தமிழருங்கள்ல அஞ்சே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கு எடுத்துக்கறதா முடிவு பண்ணாங்க. அவங்களுக்குப் பொழைப்பு குடுக்கத்தான் நீலகிரியில டான்டீன்னு தமிழ்நாடு அரசோட தேயிலைத் தோட்டமே வந்துச்சு. அவங்க முன்னோருங்க இந்தப் பக்கமிருந்து அங்க தோட்ட வேலைக்குப் போக ஆரம்பிச்சதோ 1820கள்ல. இருநூறு வருஷம் அந்த மலையில உழைச்சும், நிறைய பேருக்குக் காலடி மண்ணு சொந்தமில்ல.

கமென்ட் போட்ட அண்ணா, இதைத்தான் கேக்கணும். சரிவுல விரிசல் விட்டாச்சு, இனிமே இங்க இருக்காதேன்னு அதிகாரிங்க சொல்றாங்க. சரி, எங்க போறது? தோட்ட நிலம் அரசாங்கத்துது, குத்தகை கம்பெனிக்கு. வீடு கட்டணும்னா முதல்ல எடம் வேணும். ஏழு பேர்ச் குடுப்போம்னு ரொம்ப வருஷமா பேச்சு ஓடுது. ஏழு பேர்ச்னா 1,900 சதுர அடி, நம்ம கணக்குல ஒரு கிரவுண்டு கூடத் தேறாது. அதுவும் எல்லாருக்கும் கைக்கு வரல. அதுவரைக்கும் தலைக்கு மேல தார்ப்பாய்தான், அதான் அந்தக் கண்ணை அப்படி இழுத்துப் பார்த்தேன்.

கயிறு சொல்ல மறந்துட்டேனே. தார்ப்பாய் குடுக்குறவங்க நைலான் கயிறும் சேர்த்துக் குடுங்க, அங்க போய் அவங்க எங்க தேடுவாங்க? சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வாங்குவோம். கடை பேரு கேட்டு மெசேஜ் போடாதீங்க, சொல்ல மாட்டேன். நீங்க எல்லாரும் போய் நின்னா அவரு திரும்ப 1,600ன்னு ஆரம்பிச்சிடுவாரு, எனக்கு இன்னும் நாலு வாங்கணும்.