வீட்டில் மெல்ல நடப்பவரோடு சேர்ந்து

நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பில் குடியிருக்கும் நம்மவர்களிடம், பிள்ளைகளை வெளியே எங்கே கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று காலிமுகத்திடல். மற்றது, "லீவு விடட்டும், ஊருக்குப் போவோம்." ஊர் என்றால் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன் என்று ஆளுக்கொன்று. லீவு வரும்வரை பிள்ளைகள் தொடர்மாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் இடையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறு காலையில், வீதியில் நெரிசல் இல்லாத நேரத்தில், வெள்ளவத்தையிலிருந்து அரை மணி நேரம் போனால் போதும். கோரையும் அல்லியும் கொக்கும் நிறைந்த தட்டையான ஈரநிலம் அங்கே கிடக்கிறது. இன்றைக்கு அந்த நிலத்தில் குடும்பமாக நடப்பது பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

2018ஆம் ஆண்டு டுபாயில் நடந்த, ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான உலக உடன்படிக்கையாகிய ராம்சாரின் மாநாட்டில் உலகின் 18 நகரங்களுக்கு முதன்முதலாக 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரம் கிடைத்தது. அந்தப் பதினெட்டில் கொழும்பும் ஒன்று. அவற்றுள் ஒரு நாட்டின் தலைநகரம் என்று சொல்லக்கூடியது கொழும்பு மட்டுமே. இந்தச் செய்தி நம் வீடுகளுக்குள் போதிய அளவு வந்து சேரவில்லை என்பது என் கவலை.

சதுப்பு நிலத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் தட்டைத்தன்மை. மலைநாட்டுக்குப் போனால் முழங்கால் வலியுள்ள அம்மம்மா வாகனத்துக்குள்ளேயே இருந்துவிடுவார். இங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அம்மம்மா வரலாம், நான்கு வயதுப் பிள்ளை வரலாம், கைக்குழந்தையைத் தூக்கியபடி தாயும் வரலாம். ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டில் யார் மிக மெதுவாக நடக்கிறாரோ அவரே எல்லோருக்கும் முன்னால் நடக்கட்டும். அப்படி நடந்தால் ஒரு கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரமும் எடுக்கும். எடுக்கட்டும். வேகமாக நடப்பவர்களின் கண்ணில் பறவை படுவதில்லை.

முதல் நடைக்கு கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவைச் சொல்வேன். சிறு நுழைவுக் கட்டணம் உண்டு. சதுப்பின் மேலாகப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். சேறு காலில் படாது. தலவத்துகொடவில் உள்ள தியசரு பூங்கா அதைவிடப் பெரியது. பறவை பார்க்கும் மறைவிடங்கள் இருக்கின்றன. இரண்டு இடங்களிலும் கதவு திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். பத்து மணிக்குப் பிறகு வெயிலும் புழுக்கமும் பிள்ளைகளைச் சிணுங்கவைத்துவிடும்.

என்ன பார்க்கலாம்? நான் விஞ்ஞானம் கற்பித்தவள், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்லுகிறேன். நீர்க்காகம் ஒரு பட்டுப்போன மரத்தில் இரண்டு இறக்கையையும் விரித்தபடி நிற்கும். ஏன் அப்படி நிற்கிறது என்று பிள்ளை கேட்கும். மூழ்கி மீன் பிடிக்கும் அந்தப் பறவையின் இறகு தண்ணீரில் நனைந்துவிடும். காயவைக்கத்தான் அப்படி நிற்கிறது. நத்தைகொத்தி நாரையின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்து உள்ளிருக்கும் சதையை எடுப்பதற்கு அமைந்த அலகு அது. ஊதா நிறத்தில், சிவந்த அலகும் நீண்ட காலுமாகக் கோரைக்குள் உலாவுவது நீலத் தாழைக்கோழி.

பிள்ளைகள் மறக்காமல் வைத்திருப்பது இலைக்கோழியைத்தான். அதன் கால்விரல்கள் அதிசயமாக நீண்டிருக்கும். உடம்பின் பாரம் அந்த விரல்களில் பரவிவிடுவதால் மிதக்கும் அல்லி இலைமேல் தாழாமல் நடக்கிறது. நீளவால் இலைக்கோழியில் முட்டையை அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் தகப்பன். தாய் முட்டையிட்டுவிட்டு வேறு துணை தேடிப் போய்விடும். பலகைப் பாதையில் நின்று இதைச் சொன்னபோது என் பேத்தி நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்த அப்பாதான் சாப்பாடு தீத்துவாரா?" என்று கேட்டாள். குஞ்சு பிறந்தவுடனேயே தானாக இரை பொறுக்கும், அப்பா கூட நின்று காவல் காப்பார் என்றேன். அன்று முழுக்க அவள் காவல்கார அப்பாக்களைத் தேடினாள்.

பாதையின் இருபுறமும் பளபளக்கும் இலையோடு நெருங்கி நிற்கும் சிறு மரங்களைக் கவனியுங்கள். சிங்களத்தில் 'வெல் ஆத்தா' என்பார்கள். நம் வீட்டு அன்னமுன்னாவுக்கு உறவு. பழமும் அதே சாயலில் இருக்கும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மரம். ஒரு காலத்தில் இந்தத் தாழ்நிலத்தின் பெரும்பகுதி வயல். வயல்கள் கைவிடப்பட்ட பிறகு இது புகுந்து நிரம்பிவிட்டது. பச்சையாக இருப்பதெல்லாம் நம் மண்ணுக்குரியதென்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. இந்த மரத்தைக் காட்டி அதை விளக்கலாம்.

வயல் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டால் பத்தரமுல்லைக்கு அப்பால் தலங்கம குளத்துக்குப் போங்கள். 2007ஆம் ஆண்டில் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடம். கட்டணமும் இல்லை, வேலியும் இல்லை. குளக்கட்டில் நடந்தால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், எருமை, அதன் முதுகில் கொக்கு. வன்னியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குளக்கட்டில் ஏறியதும் பேச்சு வந்துவிடும். பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்ல அதைவிட நல்ல இடம் கொழும்பில் இல்லை என்பேன்.

கதை என்றதும் கோட்டேயின் கதையையும் சொல்லவேண்டும். பதினான்காம் நூற்றாண்டில் கம்பளை அரசின் அமைச்சராக இருந்த அழகக்கோனார் அங்கே கோட்டை கட்டியது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் படை பலத்தை எதிர்கொள்ள. இடத்தைத் தெரிவுசெய்ததற்குக் காரணமே சுற்றியிருந்த சதுப்பு. படை நடந்து வர முடியாத நிலம், மதிலுக்கு வெளியே இன்னொரு மதிலாக நின்றது. இன்று அதே சதுப்பிலுள்ள தியவன்னா ஏரிக் கரையில் 1982இல் திறந்த பாராளுமன்றம் நிற்கிறது. கொள்ளுப்பிட்டியிலிருந்து 177 பஸ்ஸில் ஏறினால் அருகிலுள்ள தியத்த உயன என்ற பூங்காவில் இறங்கலாம். மாலையில் நீர்க்கரையோரம் நடக்க வசதியான இடம், ஆனால் கூட்டமும் கடைகளும் அதிகம். பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

இந்தச் சதுப்பு நமக்கு என்ன செய்கிறது என்பதை நடக்கும்போதே பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம். மழை நீர் இங்கே பரந்து, தேங்கி, மெல்ல மெல்லக் கால்வாய்களில் இறங்குகிறது. அந்தக் கால்வாய்களில் ஒன்றுதான் கிருலப்பனையைத் தாண்டி வந்து வெள்ளவத்தையில் கடலில் விழுகிறது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற அதே கால்வாய். கோட்டேயில் சதுப்பை மண் போட்டு மூடினால், அது பிடித்து வைத்திருந்த தண்ணீர் தங்க இடமில்லாமல் தாழ்வான வீடுகளுக்குள் வரும். 2010 நவம்பரில் ஒரே இரவில் பெய்த மழைக்குப் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றது. 2016 மே மாதம் களனி ஆறு பெருகியபோது கொலன்னாவைப் பக்கத்துக் குடும்பங்கள் பட்ட பாட்டை நம்மில் பலர் நேரில் பார்த்தோம். ஒரு காணியைக் "வெறும் சேறு, பயனில்லாத நிலம்" என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

பெற்றோர் கேட்கும் இரண்டொரு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். டெங்கு வராதா? டெங்கு நுளம்பு பெருகுவது பூச்சாடித் தட்டிலும் சிரட்டையிலும் பழைய ரயரிலும் தேங்கும் தண்ணீரில். மீன் வாழும் சதுப்பை அது தேடுவதில்லை. ஆனாலும் வேறு நுளம்புகள் கடிக்கும், முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போடுங்கள். எலிக்காய்ச்சல் பயம் உண்மையானது. காலில் புண் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கவிட வேண்டாம், சப்பாத்து கட்டாயம். கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு பாதையில் படுத்திருந்தால் சற்று நின்று வழிவிடுங்கள், அது தன்பாட்டில் போய்விடும். தியவன்னாவிலும் வெரஸ் கங்கையிலும் முதலைகள் உண்டு, ஆகவே நீரோரத்தில் பிள்ளையின் கை உங்கள் கையில் இருக்கட்டும். மீன்பிடிப் பூனையும் இந்தச் சதுப்புகளில் வாழ்கிறது. இரவில் இரை தேடும் விலங்கு என்பதால் பகலில் காண்பது அரிது. ஈரச் சேற்றில் அதன் காலடி தெரிந்தால் அதுவே பெரும் பேறு.

கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்து நேயர்கள் இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. காக்கைத்தீவுக் கடற்கரையில், களனி ஆறு கடலோடு சேரும் இடத்தை மாலையில் போய்ப் பாருங்கள். சிவனொளிபாத மலைப் பக்கத்திலிருந்து 145 கிலோமீற்றர் ஓடிவந்த ஆறு அது. மழைக்குப் பிறகு செம்மண் நிற ஆற்று நீரும் நீலக் கடலும் கலக்கும் கோடு கரையிலிருந்தே தெரியும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் வடக்கே முத்துராஜவெலைக்குப் போகலாம். களனி முகத்துவாரத்துக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையில் பரந்து கிடக்கும் சதுப்பு. அதன் ஒரு பகுதி 1996இல் சரணாலயமானது. பமுணுகமவுக்கு அருகில் போபிட்டியவில் உள்ள பார்வையாளர் நிலையத்திலிருந்து படகில் போவார்கள். பிரித்தானியர் வெட்டிய ஹமில்டன் கால்வாய் வழியாகச் சென்று களப்புப் பக்கம் திரும்புகிறபோது கண்டல் மரங்களின் வேர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வரும். வலசை வரும் பறவைகள் ஒக்டோபரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை இருக்கும். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் மழையும் குறைவு. புறப்படுமுன் நிலையத்துக்கு அழைத்துப் படகு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், காலை முதல் படகையே கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.