வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பெப்டைடு: ஒரு பரிசோதனை எப்படி நடக்கிறது?

[திரை: ஆறு மணிகள் கோத்த சங்கிலி]

ஹிஸ்டிடின், டி-டிரிப்டோஃபான், அலனின், டிரிப்டோஃபான், டி-ஃபீனைல்அலனின், லைசின். இந்த ஆறு அமினோ அமிலங்களையும் கோத்தால், வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும் ஜிஹெச்ஆர்பி-6 என்ற பெப்டைடு, அதாவது குட்டிச் சங்கிலி. "டி" போட்ட இரண்டும் நம் புரதங்களில் உள்ளவற்றின் கண்ணாடி பிம்பங்கள். அதனால் பெப்டைடை வெட்டும் நொதிகளுக்கு இது லேசில் சிக்காது.

டுலேன் பல்கலைக்கழகத்தில் சிரில் பவர்ஸ் குழு, உடம்பில் வலி தணிக்கும் எங்கெஃபலின் என்ற பெப்டைடை மாற்றி மாற்றிப் பார்த்து, 1984-இல் இதை வெளியிட்டது. வலி தணிக்கும் குணம் போயிருந்தது; ஆனால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்தது. எந்த ஏற்பி (மருந்தோ ஹார்மோனோ வந்து ஒட்டும் செல்லின் புரதம்) வழியாக? 1996-இல்தான் அது அகப்பட்டது. அந்த ஏற்பிக்கு உடம்பே தயாரிக்கும் ஹார்மோனான கிரெலின், 1999-இல் எலியின் இரைப்பையிலிருந்து கிடைத்தது. முதலில் ஹார்மோன், பிறகு ஏற்பி, கடைசியில் மருந்து என்ற வழக்கமான வரிசை அப்படியே தலைகீழ்! கிரெலின் பசியையும் தூண்டும். இந்த வகை மருந்துகளில் பசி எடுப்பது அதனால்தான்.

[திரை: பொடிப் பொட்டலம், அளவுக் குவளை]

ஜிம் வட்டாரங்களில் இவற்றுக்கு மவுசு அதிகம். போட்டி வீரர்களுக்கோ உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடை உண்டு. மருத்துவத்தில் உறுதியான இடம் நோயறிதலில்தான். இதே ஏற்பியைத் தூண்டும், அமெரிக்காவில் 2017-இல் அனுமதி பெற்ற மாசிமோரெலின் என்ற மருந்து, பெரியவர்களிடம் வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டைக் கண்டறிய வாய்வழியாகத் தரப்படுகிறது.

குறைந்தது 8 மணி நேரம் வெறும் வயிறு. 60 மி.கி. பொடியை 120 மி.லி. தண்ணீரில் கலக்கினால், 1 மி.லி.யில் 0.5 மி.கி. இருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.லி.; 70 கிலோ எடைக்கு 70 மி.லி. கலக்கிய அரை மணி நேரத்துக்குள், 30 விநாடியில் குடித்து முடிக்க வேண்டும். பிறகு 30, 45, 60, 90-ஆம் நிமிடங்களில் ரத்தம் எடுப்பார்கள். நான்கிலும் வளர்ச்சி ஹார்மோனின் உச்ச அளவு 2.8 நானோகிராம்/மி.லி.க்குக் கீழே என்றால் குறைபாடு.

[திரை: ஈசிஜி கோடு]

எங்கே தவறும்? வலிப்புக்குத் தரும் கார்பமசெபைன் போன்ற மருந்துகள் மாசிமோரெலினை வேகமாகச் சிதைத்துவிடும். இல்லாத குறைபாடு இருப்பதாக முடிவு வரும். ஈசிஜியில் க்யூடி இடைவெளியை (இதயத்தின் கீழறைகள் துடித்து, அடுத்த துடிப்புக்கு மீளும் வரையான நேரத்தை) நீட்டும் மருந்துகளோடு இதைத் தரக் கூடாது. இதுவும் அதை நீட்டும்.

இன்னொன்று, எளிதில் கண்ணுக்குத் தப்புவது. மருந்து நேரே பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரிக்குக் கட்டளையிடும் மூளைப் பகுதியான ஹைபோதலாமஸ் அண்மையில்தான் பழுதானது என்றால், பிட்யூட்டரியில் சேர்ந்திருக்கும் ஹார்மோன் இருப்பு இன்னும் தீர்ந்திருக்காது. அளவு ஏறும், அறிக்கையும் "சரி" என்றே வரும். அப்படிச் சந்தேகம் இருந்தால் சில காலம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.