வெள்ளியங்கிரி ஏறப் போகிறீர்களா? முதல் நாள் ராத்திரியே பையைத் திறந்து பாருங்கள்

[காட்சி: சமையலறை மேடை. திறந்து கிடக்கும் முதுகுப்பை. பக்கத்தில் பிஸ்கட், குளுக்கோஸ் பாக்கெட், இரண்டு தண்ணீர் பாட்டில்.]

கோவைக்குப் பக்கத்தில், ஏழு மலை ஏறிச் சாமி கும்பிடுகிற வெள்ளியங்கிரிக்கு முதல் தடவை போகிறவர்கள் கேட்பதெல்லாம் கால் வலிக்குமா, எத்தனை மணி நேரம் ஆகும், ஏழு மலையில் எது கஷ்டம் என்பதுதான். அதற்கு நிறைய வீடியோ இருக்கிறது. நான் பேசப் போவது இந்தப் பையைப் பற்றி. ஏனென்றால் மலையில் எதைப் போட்டுவிட்டு வரப் போகிறோம் என்பது முதல் நாள் ராத்திரி வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் இந்த மலை நமக்கு என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற நொய்யல், இந்த மலைத்தொடரில்தான் பிறக்கிறது. மேலே போனால் புல்வெளி, அதன் மடிப்புகளில் சோலைக்காடு. மழை பெய்தால் புல்லின் வேரும் சோலையின் மக்கிய இலையும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. நாம் குடிக்கிற கைதட்டிச் சுனையும் குளிக்கிற ஆண்டிச் சுனையும் அப்படிக் கசிந்து வருகிற தண்ணீர்தான். சுனையில் ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்தால் நுரை அங்கேயே நிற்காது, கீழே இறங்கும். போன முறை ஆண்டிச் சுனைப் பக்கத்தில் கிழித்துப் போட்ட ஷாம்பு பாக்கெட்டுகளையும் ஈர வேட்டிகளையும் பார்த்தேன். அந்தக் குளிரில் நடுங்கிக்கொண்டு சாமி பேரைச் சொல்லி முங்குகிறவர்கள் போட்டதுதான் அதுவும். மனசு கேட்கவில்லை. வெறும் தண்ணீரில் முங்கி எழுந்தால் போதாதா? ஈரத்துணியைப் பிழிந்து ஒரு துணிப்பையில் போட்டுக் கீழே கொண்டுவர வேண்டியதுதானே?

[காட்சி: பிஸ்கட் பாக்கெட்டின் மூலை. விரல்கள் அதைக் கிழிக்கின்றன. சின்னத் துண்டு கீழே விழுகிறது.]

இதைக் கொஞ்சம் கிட்டே பாருங்கள். பாக்கெட்டை வேண்டுமென்றே வீசுகிறவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் நல்ல மனசோடு காலி கவரைப் பைக்குள் வைக்கிறவரும் தவறவிடுவது இந்த மூலையை. நகம் அளவு துண்டு. டார்ச் வெளிச்சத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வாயால் கடித்துத் துப்புகிறோம், அது புல்லுக்குள் போய்விடுகிறது, அப்புறம் யாராலும் பொறுக்க முடியாது. அதனால் பிஸ்கட்டையும் கடலைமிட்டாயையும் வீட்டிலேயே பிரித்து ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். குளுக்கோஸைச் சின்ன பாட்டிலில் கொட்டிக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாதத்தை வாழையிலையில் கட்டுங்கள், தின்ற பிறகு இலையையும் ஆரஞ்சுத் தோலையும் திரும்பக் கொண்டுவாருங்கள். மக்கிப் போகும்தானே என்பீர்கள். மக்குவதற்குள் குரங்கு வந்துவிடும், அதற்குப் பிறகு அது காட்டில் தேடித் தின்னாமல் நம் பையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

அடிவாரத்தில் வனத்துறையினர் பையைச் சோதிக்கிறார்கள். பிளாஸ்டிக் கவரில் இருப்பதைக் காகிதத்துக்கு மாற்றித் தருகிறார்கள். பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு, பாட்டிலைத் திரும்பக் காட்டினால் பணத்தைத் தருகிறார்கள். வரிசையில் நிற்கும்போது, பாட்டிலைத் திரும்பச் சுமப்பது வீண் பாரம் என்று பலர் சலித்துக்கொள்வார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஆறு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு ஏறுகிற நமக்கு, காலி பாட்டிலின் இருபது முப்பது கிராமை இறக்கிக் கொண்டுவருவதா பாரம்?

இந்த அடிவாரம் யானைகள் நடமாடுகிற இடம். இதே கோவைப் பக்கம் மருதமலை அடிவாரத்தில் 2025 மே மாதம் ஒரு பெண் யானை இறந்தது. பிரேதப் பரிசோதனையில் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவு இருந்தது, கருவும் இருந்தது. உப்பும் மசாலாவும் ஒட்டிய கவர், யானைக்குச் சாப்பாடு மாதிரிதான் மணக்கும்.

சரி, நெருப்பு. மலை திறந்திருப்பதே பிப்ரவரியிலிருந்து மே வரை, அதாவது புல் காய்ந்து சருகாகக் கிடக்கிற மாதங்களில். வழியில் ஒவ்வொரு பாறையிலும் கற்பூரம் ஏற்றுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஏற்றிவிட்டு நாம் போய்விடுகிறோம், காற்று இருக்கிறது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய காட்டுத்தீயில், மலையேறப் போனவர்கள் 23 பேர் உயிரிழந்தார்கள். சரிவில் பிடித்த தீ மேல்நோக்கி ஓடும், மனிதன் ஓடுவதைவிட வேகமாக. கையைக் கூப்பிக் கும்பிட்டுவிட்டு நடங்கள், சாமி ஏற்றுக்கொள்ளும். பீடி, தீப்பெட்டி பையிலேயே வேண்டாம்.

கூச்சப்படாமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவசரம் வந்தால் சுனையிலிருந்தும் பாதையிலிருந்தும் அறுபது மீட்டராவது தள்ளிப் போங்கள், சரிவு ஆபத்தாக இல்லாத இடமாகப் பார்த்து ஒரு சாண் குழி தோண்டி மூடுங்கள். வெட் டிஷ்யூ என்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் நூல், அதைப் புதைக்கக் கூடாது, தனிப் பையில் கட்டிக் கொண்டுவர வேண்டும்.

பாதையைக் குறுக்கே வெட்டி இறங்காதீர்கள். நாலு பேர் இறங்கினால் புல் போகும், அடுத்த மழையில் அங்கே மண் கரைந்து ஓடை மாதிரி ஆகிவிடும். ஸ்பீக்கரை வீட்டில் வையுங்கள். ராத்திரி ஏறும்போது அது நாம் மட்டும் நடக்கிற பாதை இல்லை.

சிவராத்திரி, சித்ரா பௌர்ணமிக் கூட்டத்தைத் தவிர்த்து ஒரு வார நாளில் போக முடிந்தால் போங்கள். இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம், வழியிலேயே மூச்சடைத்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். மலை நடைதான் வேண்டும், இந்த மலைதான் என்றில்லை என்பவர்களுக்கு, 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. அங்கே வழிகாட்டிகளாகப் பழங்குடி இளைஞர்கள் வருகிறார்கள், நம் பணத்தில் ஒரு பங்கு அவர்கள் வீட்டுக்குப் போகிறது.

[காட்சி: அடிவாரம். மூங்கில் தடி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது.]

இறங்கி வந்ததும், ஏறும்போது ஊன்றிய மூங்கில் தடியை வீட்டில் வைக்கப் போவதில்லை என்றால், ஏறப் போகிற யாரிடமாவது கொடுங்கள். கொடுக்கும்போது, மேலே வழுக்குப்பாறையில் ஈரமாக இருக்கிறதா, எந்தச் சுனையில் தண்ணீர் ஓடுகிறது என்றும் சொல்லிவிடுங்கள்.