கப்பைக் கவிழ்த்துப் பாருங்க! கேலரியில யாரும் பார்க்காத அந்த இடம்

[திரையில்: வெள்ளை மேடை மேல இளம்பச்சை டீ கப். ஒரு கை வந்து அதைக் கவிழ்க்குது.]

வணக்கம் மக்களே! புதுச்சேரியில ஒரு செராமிக் கேலரி. புதுக் கலைஞர்களோட கண்காட்சி. விலைச்சீட்டைப் பார்த்ததும் "ஒரு டீ கப்புக்கா இவ்வளவு?"ன்னு தோணும். பதில் அந்தக் கப்போட அடியில இருக்கு. "எடுத்துப் பார்க்கலாமா?"ன்னு கேட்டுட்டு, ரெண்டு கையாலயும் எடுங்க. கைப்பிடியை மட்டும் பிடிச்சுத் தூக்காதீங்க.

புதுச்சேரி ஏன்னா, 1971-ல ரே மீக்கர், டெபோரா ஸ்மித்ங்கிற ரெண்டு அமெரிக்கக் கலைஞர்கள் அங்க 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'ங்கிற மண்பாண்டப் பட்டறையை ஆரம்பிச்சாங்க. அங்க கத்துக்கிட்ட பலர் புதுச்சேரி, ஆரோவில் பக்கம் பட்டறை போட்டாங்க. வரலாறு இது போதும், கப்புக்கு வருவோம்.

[க்ளோஸ்-அப்: கப்பின் அடி]

இந்த வளையத்துக்குப் பேரு கால். கப்பு மேல பூசுற கண்ணாடி மாதிரி பளபளப்புப் பூச்சுதான் கிளேஸ். இங்க மட்டும் அது இருக்காது, வெறும் மண்ணு. ஸ்டோன்வேர்னா அதிக சூட்டுல கல்லு மாதிரி இறுகுற மண்பாண்டம். அது வேகுற சூளையில 1280 டிகிரி கிட்ட கிளேஸ் கண்ணாடியா உருகும். கால்ல ஒட்டியிருந்தா கப்பு சூளைப் பலகையோட ஒண்ணாயிடும், உளி வச்சு அடிச்சுத்தான் பிரிக்கணும். அதனால சூளை ஏத்துறதுக்கு முன்னாடி, காலுக்கு மேல 3 மில்லிமீட்டர் வரைக்கும் ஈர ஸ்பாஞ்சால துடைச்சு எடுத்திடுவாங்க.

இப்போ அந்த எல்லையைப் பாருங்க. கிளேஸ் வழிஞ்சு வந்து, காலைத் தொடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தடிச்ச சொட்டா திரண்டு நிக்குதா? கிளேஸ் எவ்வளவு தடிப்பு, சூளை எவ்வளவு சூடு, ரெண்டையும் அளந்து வச்ச கை அது. புதுக் கலைஞர்கிட்ட அந்தச் சொட்டைப் பார்த்தா அவர் பேரைக் குறிச்சு வச்சுக்கோங்க!

அடி நடுவுல ஆங்கில 'எஸ்' மாதிரி விரிசல் இருந்தா, சக்கரத்துல வனையும்போது அடிமண்ணை அழுத்தி இறுக்கலைன்னு அர்த்தம். ஸ்டோன்வேர் மண்ணு காய்ஞ்சு வெந்து முடியுறதுக்குள்ள ஏறக்குறைய 12 சதவீதம் சுருங்கும். சுவர் ஒரு மாதிரியும் அடி ஒரு மாதிரியும் சுருங்கினா அங்கதான் கிழியும். அடுத்து, காலை விரலால தடவுங்க. சொரசொரன்னு இருந்தா உங்க மேசையைக் கீறும். அக்கறையா செய்யுறவங்க உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருப்பாங்க.

[திரையில்: துருப்பிடிச்ச ஆணி, பக்கத்துல பச்சைக் கப்பும் கறுப்புக் கப்பும்]

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். இந்தப் பச்சையும் கறுப்பும் ஒரே பொருள்ல இருந்து வருது. துரு! ஆமா, ஆணியில பிடிக்கிற அதே இரும்பு ஆக்ஸைடு. கிளேஸ்ல 1, 2 சதவீதம் சேர்த்து, சூளைக்குப் போற காத்தைக் குறைச்சு எரிச்சா செலடான் பச்சை. 8, 10 சதவீதம் சேர்த்தா டென்மோகு கறுப்பு. கிளேஸ் மெலிசா இருக்கிற விளிம்புல மட்டும் செம்பழுப்பு எட்டிப் பார்க்கும். காத்து பத்தாத நெருப்பு என்ன பண்ணும்? கிளேஸுக்குள்ள இருக்கிற இரும்பு ஆக்ஸைடுல இருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கும். நிறம் மாறுறது அதனாலதான். அதே செலடான் கலவையைக் காத்து தாராளமா இருக்கிற மின்சூளையில வச்சா, பச்சைக்குப் பதிலா இளம் தேன் நிறம் வரும்! சவுக்கு விறகு போட்டு எரிக்கிற சூளையில மேல்தட்டும் கீழ்தட்டும்கூட ஒரே நிறம் தராது. ஜோடிக் கப்புல லேசா நிற வித்தியாசம் இருந்தா அதைக் குறைன்னு ஒதுக்காதீங்க.

விலைக்கு வருவோம். ஒரு கப்பு ரெண்டு தடவை வேகணும். முதல் வேக்காடு 950 டிகிரி கிட்ட, அப்புறம் கிளேஸ் வேக்காடு. ஆறாத சூளையை அவசரப்பட்டுத் திறந்தா, 573 டிகிரியைக் கடக்கும்போது மண்ணுல இருக்கிற குவார்ட்ஸ்ங்கிற கனிமம் சட்டுனு சுருங்கி, கப்பு 'டிங்'னு விரிசல் விடும். உடைஞ்சதோட செலவு, கேலரி கமிஷன் எல்லாம் தப்பிச்ச கப்பு மேலதான் ஏறும்.

உங்க வீட்டுக் கப்பையும் இப்பவே கவிழ்த்துப் பார்த்து, கால் எப்படி இருக்குன்னு கமெண்ட்ல சொல்லுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: "இது சாப்பாட்டுக்கா, அலங்காரத்துக்கா?" 'ராக்கு'ங்கிற முறையில வெந்ததுன்னு சொன்னா அலங்காரத்துக்கு மட்டும்தான்; அது 1000 டிகிரி கிட்டயே சூளையில இருந்து வெளிய எடுக்கிறது, தண்ணியை உறிஞ்சும். பளபளப்பில்லாத பச்சை, நீலக் கிளேஸ் மேல சந்தேகம் இருந்தா, ஒரு எலுமிச்சைத் துண்டை ராத்திரி முழுக்க அது மேல வச்சிடுங்க. காலையில அந்த இடம் வெளுத்திருந்தா, புளிப்புல கிளேஸ் கரையுதுன்னு அர்த்தம். அதுல பூ வைங்க, ரசம் ஊத்தாதீங்க.