கால் நிற்காத சைக்கிள்: ஃபிக்ஸட் கியர் பூட்டுவதும் பழகுவதும்

[காட்சி: தலைகீழாக நிறுத்திய சைக்கிள். ஒரு கை பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்றுகிறது.]

பெடலைக் கவனியுங்கள். நான் தொட்டது சக்கரத்தை மட்டும்தான், பெடலும் கூடவே சுற்றுகிறது. பின்பக்கமாகத் திருப்பினால் அதுவும் பின்பக்கமாகவே போகும்.

சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். ஃப்ரீவீலுக்குள் இருக்கும் சின்னக் கொக்கிகள் பல்லின்மேல் வழுக்கும் சத்தம் அது. ஃபிக்ஸட் கியரில் அந்த ஃப்ரீவீல் கிடையாது. பல்சக்கரம் நேராக ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடு உருளையின், மரையில் ஏறி உட்கார்ந்துவிடும். வண்டி ஓடுகிறவரை கால் சுற்றியே ஆக வேண்டும். சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய வெலோட்ரோம் வட்டப்பாதைகளில் இன்றும் இந்த வகை சைக்கிள்தான். 1972-ல் பெல்ஜியப் பந்தய வீரர் எட்டி மெர்க்ஸ் மெக்சிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓடியதும் இப்படி ஒன்றில்தான்.

சரி, பூட்ட ஆரம்பிக்கலாம்.

[காட்சி: ஃப்ரேமின் பின்பகுதி, ஆக்ஸில் உட்காரும் பிளவு.]

பழைய ஃப்ரேம் ஒன்றை எடுத்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பிளவு படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். கியர் சைக்கிளில் செயினை இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் கை உண்டு, இதில் இல்லை. சக்கரத்தையே பின்னால் இழுத்துத்தான் செயினை இறுக்க முடியும். பிளவு நேர்க்கீழாக இருந்தால் இழுக்க வழியில்லை, அந்த ஃப்ரேமை விட்டுவிடுங்கள்.

அடுத்து ஹப். இதில்தான் உயிர் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஃபிக்ஸட் கியருக்கென்றே வரும் டிராக் ஹப்பில் அடுத்தடுத்து இரண்டு மரைகள் இருக்கும். பெரியதில் பல்சக்கரம் ஏறும், அது வழக்கமான வலமரை. அதற்கு வெளியே சின்னதாக இருப்பது இடப்பக்கம் திருப்பினால் இறுகும் எதிர்மரை, அதில் பல்சக்கரத்தைக் கழலாமல் பிடிக்கும் லாக்ரிங் வளையம் ஏறும். முன்னால் மிதிக்கும்போது பல்சக்கரம் இறுகிக்கொண்டே போகும். நிறுத்துவதற்காகக் காலால் பின்னழுத்தம் கொடுக்கும்போது அது கழலப் பார்க்கும். அப்படித் திரும்பும்போது லாக்ரிங்கையும் சேர்த்துத் தள்ளும், மரை எதிர்ப்பக்கம் என்பதால் லாக்ரிங் இன்னும் இறுகிவிடும். எவ்வளவு எளிமையான ஏற்பாடு பாருங்கள்!

சாதாரண ஃப்ரீவீல் ஹப்பிலும் இந்தப் பல்சக்கரம் ஏறும், இரண்டிலும் ஒரே அளவு மரைதான். ஆனால் லாக்ரிங்குக்கு அங்கே இடமில்லை. பின்னழுத்தம் கொடுக்கும்போது பல்சக்கரம் கழன்றால், வண்டியை நிறுத்தக் காலுக்கு வழியே இருக்காது. அதைச் செய்யாதீர்கள்.

பல் கணக்குக்கு வருவோம். முன்னால் 46, பின்னால் 16 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 2.875 சுற்று. தொடங்குகிறவருக்கு இதுவே தாராளம், 44-க்கு 16 இன்னும் இதம். மெர்க்ஸ் 52-க்கு 14 போட்டிருந்தார், அது தெருவுக்கான கணக்கு இல்லை. 48-க்கு 16 சரியாக மூன்று மடங்கு. ஓடும்போது காலை அசையாமல் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுப் பழகினால் ஒரே காலை முன்வைத்துச் சறுக்கும்போதெல்லாம் டயரின் ஒரே இடம் தரையில் தேயும். 47-க்கு 17 என்றால் அந்தத் தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரிந்துவிடும்.

[காட்சி: செயினை ஒரு விரல் மேலும் கீழும் அசைக்கிறது.]

செயின் மேலிருந்து பார்த்தால் நூல் பிடித்தாற்போல் நேராக ஓட வேண்டும். நடுவில் அசைத்தால் சுமார் ஒரு சென்டிமீட்டர் ஆட வேண்டும். முன்பக்கப் பல்சக்கரம் அநேகமாகத் துல்லியமான வட்டமாக இருக்காது. அதனால் பெடலை மெல்லச் சுற்றி, செயின் எங்கே அதிகம் விறைக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் இந்த அளவை வையுங்கள். தளர்ந்த செயின் ஓடும்போது கழன்றால் அது மாட்டிக்கொண்டு பின்சக்கரம் சட்டென்று சுற்றாமல் நின்றுவிடக்கூடும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சக்கரம் சுற்றும்போது செயினுக்குப் பக்கத்தில் விரலையோ துணியையோ கொண்டுபோகாதீர்கள். இந்தச் சைக்கிளில் சக்கரத்தின் வேகம் முழுவதும் செயினில் இருக்கிறது, விரல் மாட்டினால் விரல் போய்விடும். எண்ணெய் விடும்போது சக்கரம் நின்றிருக்கட்டும்.

முன்பிரேக் கட்டாயம் போடுங்கள். காலால் நிறுத்தலாமே என்று தோன்றும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போய்விடுவதால், பின்சக்கரத்தால் மட்டும் வண்டி சீக்கிரம் நிற்காது.

[காட்சி: ஆளில்லாத சமதளம். ஒருவர் மெதுவாக ஓட்டுகிறார்.]

இனி ஓட்டுவது. முதல் தடவை நான் ஏறியபோது, கொஞ்சம் வேகம் வந்ததும் பழக்கதோஷத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். பெடல் என் காலைத் தூக்கிச் சீட்டிலிருந்தே எழுப்பிவிட்டது. உங்களுக்கும் இது நடக்கும். அதனால் முதல் நாள் நடக்கிற வேகமே போதும். பேன்ட் முனையை மடித்துவிடுங்கள், ஷூ லேஸை உள்ளே செருகுங்கள்.

கிளம்பும்போது பெடல் கீழே நின்றிருந்தால் பின்னால் சுற்றி மேலே கொண்டுவர முடியாது. முன்பிரேக்கைப் பிடித்து, பின்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பெடலைத் திருப்புங்கள். திருப்பங்களில் வண்டியை அதிகம் சாய்க்காதீர்கள். உள்பக்கப் பெடலைத் தூக்கி வைக்க இங்கே வழியில்லை, அது தரையில் இடிக்கும். இதற்காகத்தான் பலரும் 165 மில்லிமீட்டர் என்று குட்டைக் கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, போடுகிறார்கள்.

நிறுத்துவதற்குப் பொறுமை வேண்டும். பின்னாலிருந்து மேலே ஏறி வரும் பெடலைக் காலால் லேசாக எதிர்த்துப் பாருங்கள். உதைக்க வேண்டாம், மாவு பிசைகிற மாதிரி ஒரு அழுத்தம். பத்து மீட்டருக்கு முன்பே தொடங்குங்கள். காலைப் பெடலோடு பிடித்துவைக்கும் பட்டை இருந்தால் மேலே இழுத்தும் நிறுத்தலாம். இறக்கத்தில் காலை நம்பாதீர்கள், வேகம் கூடுவதற்கு முன்பே முன்பிரேக்கைத் தொடுங்கள். சறுக்குவதை எல்லாம் சில வாரம் கழித்துப் பார்க்கலாம்.

முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் ஸ்பேனரை மறுபடி எடுங்கள். நீங்கள் மிதித்த மிதியில் பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ளே ஏறியிருக்கும், லாக்ரிங்குக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும். லாக்ரிங்கை இடப்பக்கமாகத் திருப்பி இறுக்குங்கள். அப்புறம் செயினை இன்னொரு தடவை அசைத்துப் பாருங்கள்.