மே மாதத்தில் போய்ப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மாதத்துக்கு ஒரு குடும்பமாவது எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "இங்க ஏக்கர் என்ன விலைங்க போகுது?" என்பதுதான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கிராமத்தில் குடியேற இடம் தேடி, நாங்களும் இதையேதான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு அலைந்தோம். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்று புரிய எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. இன்றைக்கு அந்த ஒன்றரை வருடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நாங்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் கணவரும் வேறு வேறு சாதியில் பிறந்து கல்யாணம் செய்துகொண்டவர்கள். பிள்ளைகளுக்குச் சாதி எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். மகளுக்கு அப்போது நாலு வயது, மார்க்கு மார்க்கு என்று விரட்டாத ஒரு படிப்பு அவளுக்கு வேண்டும் என்று நினைத்தோம். மருந்தடிக்காத சாப்பாடு, குறைந்த வருமானம், குறைந்த செலவு, நடந்து போக மண் பாதை, இவ்வளவுதான் எங்கள் ஆசை. கணவர் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார், நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்பு பார்க்கிறேன், இணையம் இருந்தால் இரண்டையும் எங்கிருந்தும் செய்யலாம். கூடவே மாமியார், அவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. இந்தக் கடைசி விஷயத்தை நாங்கள் முதலில் கணக்கிலேயே எடுக்கவில்லை, மாற்று வாழ்க்கை என்று பேசும் பலரும் வீட்டில் இருக்கும் பெரியவர்களை மறந்துதான் போகிறார்கள்.

முதலில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆரோவில் போனோம். 1968-இல் தொடங்கியபோது மழைநீர் அரித்துப்போன செம்மண் பொட்டலாகக் கிடந்த இடம், இன்று காடாக நிற்கிறது, அதைப் பார்த்தாலே மனசு நிறையும். அங்கே நிலமும் வீடும் யாருக்கும் சொந்தம் கிடையாது, எல்லாம் அறக்கட்டளையுடையது, சேர விரும்புகிறவர்கள் புதியவர்களாகச் சில காலம் இருந்து பார்க்க வேண்டும். இந்த ஏற்பாடு எங்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஐம்பதாயிரம் பேருக்கு என்று திட்டமிட்ட அந்த ஊரில் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் வாழ்கிறார்கள் என்றாலும் வீடு கிடைப்பது பெரும்பாடு. மாமியார் இரண்டாம் நாளே, "இங்க சாயங்காலம் நான் யாரு வீட்டுத் திண்ணையில போய் உக்காருவேன்?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் திண்ணையைத்தான் தேடினேன்.

அப்புறம் சிட்லிங்கி. தருமபுரி மாவட்டத்தில் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தாக்கு, பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்களும் லம்பாடிகளும் வாழ்கிற இடம். டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993-இல் அங்கே போனபோது பக்கத்து மருத்துவமனை நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால். ஒரு கூரைக் குடிசையில் வைத்தியத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். ஊர்ப் பெண்களுக்கே நர்ஸ் வேலையும் பிரசவமும் கற்றுக்கொடுத்தார்கள். அது மெல்ல மெல்ல மருத்துவமனையாக வளர்ந்தது, அதை ஒட்டி இயற்கை விவசாயிகள் சங்கம் வந்தது, லம்பாடிப் பெண்கள் கைவிட்டுப்போன தங்கள் பூவேலையை மறுபடி தைக்க ஆரம்பித்தார்கள். கட்டடக் கலைஞர்களான ஒரு தம்பதி 2004-இல் அதே பள்ளத்தாக்கில் 'துளிர்' என்ற கல்வி மையத்தைத் தொடங்கினார்கள்.

அங்கே நான்கு நாள் இருந்தோம். போகும்போது எங்களுக்கு ஏற்ற இடம் இதுதான் என்ற நினைப்போடு போனோம். மூன்றாம் நாள் இரவு தூக்கம் வரவில்லை. இந்த டாக்டர்களும் கட்டடக் கலைஞர்களும் பள்ளத்தாக்குக்கு என்ன தேவையோ அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர்கள், அதனால்தான் இங்கே நிலைத்தார்கள். நாம் எதைக் கொண்டு வருகிறோம்? நல்ல காற்றும் தண்ணீரும் நமக்கு வேண்டும், அதற்காகப் பழங்குடி மக்களின் ஊரில் அவர்கள் கையை விட்டுப்போகிற ஒரு ஏக்கரை நாம் வாங்குவதா? கணவரிடம் கேட்டேன். அவரும் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். மறுநாள் கிளம்பிவிட்டோம். ஆனாலும் வாழ இடம் தேடுகிறவர்கள் எல்லாரும் சிட்லிங்கியை ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும் என்று இப்போதும் சொல்கிறேன். அங்கே போய் வந்த பிறகுதான் எங்களுக்கு "இந்த ஊர் எனக்கு என்ன தரும்" என்ற கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

கடைசியில் திருவண்ணாமலைப் பக்கம் வந்தோம். கோயிலுக்காகவோ கிரிவலத்துக்காகவோ வரவில்லை, பௌர்ணமிக் கூட்டத்தில் அந்தப் பதினாலு கிலோமீட்டர் பாதையில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கக்கூட முடியாது. ஒரு நண்பர் கோடையில் ஒரு மாதம் வீடு தருகிறேன் என்றார், வந்து தங்கினோம். ஒரு ராத்திரி மலையில் தீ. காய்ந்த புல் எரிந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. மலையில் வருடக்கணக்காக மரம் நட்டு வளர்த்து, கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு வெட்டி வைக்கிற ஒரு கூட்டம் இங்கே உண்டு, அவர்களோடு ஊர்ப் பையன்கள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள், வெள்ளைக்காரர்கள் என்று எல்லாரும் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு ஓடினார்கள். கணவரும் ஓடினார். விடியக் காலையில் முகமெல்லாம் கரியோடு வந்து, "இங்கயே இருந்துடலாம்" என்றார். அந்த ராத்திரிக்கு முன்னால் நாங்கள் அந்த ஊரில் பார்த்த எதுவும் எங்களை அப்படி இழுக்கவில்லை.

மருதம் பண்ணைப் பள்ளியும் இங்கேதான் இருக்கிறது, 2009-இல் தொடங்கியது, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளும் வெளியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் நமக்குள்ளேயே ஒரு தீவு கட்டிக்கொண்டால் பிள்ளைகள் பாவம். அவர்களுக்கு நாலு பேரைத் தெரியும், அந்த நாலு பேரும் ஒரே மாதிரி பேசுவார்கள். இந்த ஆபத்து மாற்று வழி தேடும் எல்லாக் குடும்பத்துக்கும் உண்டு, பள்ளி நன்றாக இருக்கிறதா என்று விசாரிப்பதோடு அதில் யாருடைய பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

சரி, வாடகை வீடு தேடிய கதைக்கு வருகிறேன், இதை யாரும் வெளியில் சொல்வதில்லை. ஒரு ஊரில் வீடு பிடித்துப்போய் அட்வான்ஸ் கொடுத்து, சாமான் ஏற்ற நாள் குறித்தாகிவிட்டது. வீட்டுக்காரர் போன் செய்து, "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு என்று உள்ளதைச் சொன்னோம். மறுநாள் அட்வான்ஸ் திரும்பி வந்துவிட்டது. வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம். மூலிகைத் தோட்டம், சூரிய அடுப்பு, மண் வீடு என்று எத்தனையோ பேசுகிறோம், கிராமத்தில் ஊர் தனியாகவும் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்கிற காலனி தனியாகவும் இருக்கிறது என்பதைப் பேசாமல் இடம் தேடினால் அது வெறும் சுற்றுலாதான். இப்போது நாங்கள் இருக்கிற ஊர், டவுனிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். இங்கே வீடு கொடுத்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, "தண்ணிய வீணாக்க மாட்டீங்கல்ல?" ஆனாலும் முதல் பொங்கலுக்குக் காலனியில் ஒரு வீட்டில் சாப்பிட்டோம் என்பதற்காக ஆறு மாதம் எங்களோடு பேசாத வீடுகள் இதே தெருவில் உண்டு. பேசாவிட்டாலும் நாங்கள் வணக்கம் சொல்வதை நிறுத்தவில்லை. இப்போது பேசுகிறார்கள். எல்லாரும் பேசுவதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

பள்ளியில் சாதி, மதம் எழுதாமல் விட்டுவிட நமக்கு உரிமை உண்டு, 1973-லேயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டிருக்கிறது. பலருக்கு இது தெரியாது, சில இடங்களில் அதிகாரிகளுக்கே தெரியாது. பக்கத்துத் திருப்பத்தூரில் வழக்கறிஞர் சினேகா பல வருடம் போராடி 2019-இல் சாதி, மதம் அற்றவர் என்ற சான்றிதழே வாங்கினார். ஆனால் ஒன்று, இடஒதுக்கீடு தேவைப்படுகிற நிலையில் இருக்கிற குடும்பம் சாதியைக் குறிப்பிடாமல் விட்டுவிட வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது அவரவர் வாழ்க்கை, உரிமையை விட்டுக்கொடுத்து யாரும் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

இப்போது நிலம். தரகர் ஒருவர் எங்களுக்கு அருமையான ஒன்றரை ஏக்கர் காட்டினார், கிணறு, இரண்டு புளியமரம், விலையும் மற்ற இடத்தைவிடப் பாதிதான். நாங்கள் மயங்கிவிட்டோம். வில்லங்கச் சான்று பார்த்தோம், சுத்தமாக இருந்தது. பக்கத்துக் கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பெரியவர்தான் கூப்பிட்டு, "ஏம்மா, இது டி.சி. நிலம், கேட்டீங்களா?" என்றார். பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்கீர் எழுதிய அறிக்கையை வைத்து 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம், அவர்களைத் தவிர வேறு யாருக்கும் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது. அதில் எவ்வளவோ ஏக்கர் இன்று வேறு ஆட்கள் கையில் இருக்கிறது, பத்திரம்கூடப் பதிவாகியிருக்கிறது. நாங்கள் வாங்கியிருந்தால் சாதி வேண்டாம் என்று வீட்டில் பேசிக்கொண்டே யாரோ ஒரு பாட்டியின் நிலத்தில் கீரை போட்டிருப்போம். அதனால் தயவுசெய்து கேளுங்கள், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று மட்டும் போதாது, மூலப்பத்திரத்தைப் பாருங்கள், தாலுகா ஆபீஸில் நிலத்தின் வகை எழுதியிருக்கிற அ-பதிவேட்டைப் பாருங்கள், அது பஞ்சமியா, நிலமில்லாதவர்களுக்குத் தானமாக வந்த பூதானமா, கோயில் நிலமா என்று ஊர்ப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். பாதி விலைக்கு வருகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

நாங்கள் நாலாவது வருடம்தான் நிலம் வாங்கினோம், எழுபது சென்ட். பக்கத்து வீட்டுக்காரரே வந்து கேட்டுக் கொடுத்தார். அதுவரை வாடகைதான்.

தண்ணீரை மே மாதத்தில் போய்ப் பாருங்கள். டிசம்பரில் எல்லா ஊரும் அழகு, வடகிழக்கு மழை முடிந்து ஏரி ததும்பும், வயல் பச்சையாக இருக்கும், அதைப் பார்த்து நிலம் வாங்கியவர்கள் ஏப்ரலில் டிராக்டர் தண்ணீருக்குக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். போர் எத்தனை அடி என்று விற்கிறவரைக் கேட்காதீர்கள், சுற்றி இருக்கிற நாலு கொல்லைக்காரர்களைக் கேளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போகிறவர்கள் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று கட்டாயம் பரிசோதனை செய்யுங்கள், அங்கே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அப்புறம் பாம்பு. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் இந்தப் பக்கம் உண்டு. விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே டாக்டர் இருப்பாரா, உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் 108 வண்டி வருமா, இந்த மூன்றும் தெரியாத இடத்தில் குழந்தையோடு ஒரு நாள்கூடத் தங்காதீர்கள். இயற்கை வைத்தியத்தில் எனக்கும் நம்பிக்கை உண்டு, பாம்புக்கடிக்குக் கிடையாது.

மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-இல் வந்த பிறகு அவருடைய சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன, மாத்திரை கொடுக்க வருகிற பெண்ணோடு அரை மணி நேரம் பேசாமல் அவரை அனுப்ப மாட்டார். திண்ணையும் கிடைத்துவிட்டது, எதிர்வீட்டுத் திண்ணை, சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கேதான் இருப்பார்.

மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. வீட்டிலேயே படிக்கிறாள், பதினாலு வயது நிறைந்ததும் என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்பு எழுதலாம், அதற்குத் தயாராகிறாள். மகன் இந்த ஊரில் வந்த பிறகு பிறந்தவன். அவனையும் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்றுதான் இருந்தோம். ஐந்து வயதில் அவனே, தெருப் பிள்ளைகள் எல்லாரும் போகிறார்கள் நானும் போவேன் என்று அழுதான், ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தோம், சாதி என்ற இடத்தை நிரப்பாமல் விட்டபோது தலைமையாசிரியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் அங்கே கொடுக்கிற கிச்சடியைத்தான் சாப்பிடுவான், வீட்டில் நான் செய்கிற சாமை உப்புமாவைத் தொட மாட்டான். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது ஊரில் அவனுக்குத் தெரியாத வீடு கிடையாது, காலனியில் அவன் கூட்டாளிகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறான், நாங்கள் வருடக்கணக்காகப் பேசியதை அவன் பேசாமல் செய்துவிட்டான்.

வருகிற மே மாதம் ஒரு குடும்பம் வருகிறது. நிலத்தைப் பற்றி இன்னும் கேட்கவில்லை. நாற்பது நாள் தங்கிப் பார்க்கிறோம், தாத்தாவுக்கு மூட்டு வலி, கட்டில் கிடைக்குமா என்று கேட்டார்கள். எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவர்கள் வீட்டில் ஒரு கயிற்றுக் கட்டில் இருக்கிறது.

வணக்கம்.